காயல் நகருக்கு ஒரு கால்வழி

வெனிஸ் நகருக்கு நடந்து செல்ல 1933ஆம் ஆண்டு வரை வழி கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் குடியரசாக விளங்கி, கீழைக்கடல் வாணிகத்தின் செல்வத்தைத் தன் மாடங்களில் கொண்டு குவித்த அந்நகருக்கு மதிற்சுவரும் இல்லை. பிற நகரங்கள் அகழி வெட்டிக்கொண்டன; வெனிஸ் அகழிக்குள்ளேயே குடியேறியது. 810இல் பிராங்கியர் மன்னன் பெப்பின் பெரும்படையோடு வந்து, காயலைக் கடந்து நகரின் நடுவை எட்ட இயலாமல் திரும்பினான். 1797 மே 12 அன்று நெப்போலியனுக்கு அஞ்சிக் குடியரசின் பேரவை தன்னைத்தானே கலைத்துக்கொண்ட நாளிலும் பிரெஞ்சுப் படை நகருக்குள் கால் வைத்திருக்கவில்லை. அதன்பின் வந்தவர்களும் படகேறித்தான் வந்தார்கள்.

இத்தகைய நகருக்குள் ஆயிரக்கணக்கானோர் காலால் ஓடிச் சென்று சேரும் மாரத்தான் ஓட்டம் ஒன்று 1986 முதல் நடந்து வருகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், நிலப்பரப்பில் உள்ள ஸ்த்ரா என்னும் சிற்றூரில் தொடங்கி, 42.195 கிலோமீட்டர் கடந்து, காயலின் விளிம்பில் ஒரு கற்கரையில் அது முடிகிறது. 2018 அக்டோபர் 28 அன்று, ஐரோப்பியப் பயணத்தின் இடையே, அவ்வோட்டத்தில் நானும் ஒருவனாகக் கலந்துகொண்டேன். எத்தனை மணி நேரத்தில் ஓடி முடித்தேன் என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்லத்தக்க விடை என்னிடம் இல்லை. மெதுவாக ஓடுபவனுக்கு இருமருங்கும் பார்க்கும் வாய்ப்பு மிகுதி. பார்த்தவற்றைப் பின்னர் நூல்களோடு ஒப்பிட்டதில், ஓட்டத்துக்கென வகுத்த அப்பாதை வெனிசின் வரலாற்றை, அதன் இருண்ட பக்கங்களோடு சேர்த்து, ஊர் ஊராகக் கோத்துச் செல்வது தெரிந்தது.

தொடக்கக் கோடு இடப்படும் ஸ்த்ராவில் பிசானி மாளிகை நிற்கிறது. ஆல்வீசே பிசானி 1735இல் டோஜ் ஆனார். டோஜ் என்பவர் வாழ்நாள் முழுமைக்கும் தேர்ந்தெடுக்கப்படும் குடியரசின் தலைவர். அவர் 114ஆவது டோஜ் என்பதால் மாளிகைக்கும் 114 அறைகள் வைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். நடன மண்டபத்தின் விதானத்தைத் தியெபோலோ 1760-62 ஆண்டுகளில் வரைந்தார். 1807இல் மாளிகையை நெப்போலியன் வாங்கினார். 1934 ஜூன் 14 அன்று, முதன்முறையாகச் சந்தித்த ஹிட்லரும் முசோலினியும் உரையாட அமர்ந்ததும் இம்மாளிகையில்தான். அந்த நாளை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

அங்கிருந்து பாதை பிரெந்தா ஆற்றை ஒட்டிச் செல்கிறது. தோலோ, மீரா, ஓரியாகோ என ஊர்கள் வருகின்றன. வெனிசின் செல்வக் குடியினர் கோடைக்காலத்தில் தட்டுமுட்டுப் பொருள்களோடு படகேறி, கரையில் குதிரைகள் கயிறு கட்டி இழுக்க, மெல்ல மெல்ல இவ்வாற்றின் வழியே தம் மாளிகைகளுக்கு வந்தனர். கவிஞர் பைரன் மீராவில் தங்கியிருந்தார். மல்கொந்தெந்தாவில் பல்லாதியோ கட்டிய ஃபொஸ்காரி மாளிகை நீரை நோக்கி இன்றும் நிற்கிறது. காண்பதற்கு இனிய ஆறுதான். ஆனால், நாம் ஆறு என்று காண்பது ஆற்றில் ஒரு பகுதியே. பெருவெள்ளத்தை வெனிசார் வேறு பக்கம் திருப்பிவிட்டனர்.

இச்செய்தியில் சற்றுத் தங்க வேண்டும். ஆறுகள் கொணரும் வண்டல் காயலை மேடாக்கிவிடும், மேடானால் கப்பல் வராது, எதிரியின் குதிரை வரும் என்பதை அக்குடியரசு நன்கு உணர்ந்திருந்தது. 1501இல் நீர்நிலைகளைக் கண்காணிக்கத் தனி அவையே ஏற்படுத்தினர். பிரெந்தாவின் நீரைக் காயலுக்கு வெளியே கொண்டு செல்லும் புதுக் கால்வாயை 1610இல் வெட்டி முடித்தனர். வேறு ஆறுகளையும் அடுத்தடுத்துத் திருப்பினர். தலைமுறை தலைமுறையாக மண்வெட்டியால் நடத்தப்பட்ட போர் அது. கவிதையில் ஆற்றைத் தாயென்று போற்றும் நமக்கு, ஆற்றைப் பகையென்று கருதி நாடு கடத்திய ஊர் வியப்பளிக்கலாம்.

வியப்படையுமுன் நம் கரையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வெனிசில் பிறந்த மார்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்தபோது, மேற்கிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் ஒதுங்கும் பெருந்துறையாக ஒரு நகரைக் குறிப்பிட்டார். அதன் பெயர் காயல். தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த அத்துறைக்கு முன்னரே கொற்கையை வண்டல் உள்நாட்டு ஊராக்கியிருந்தது. பின்னர் காயலுக்கும் அதே கதி நேர்ந்தது. இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊரில் கப்பல் நின்ற சுவடு தேடிக் காண வேண்டியதாயிற்று. காயலில் பிறந்தவர் காயல் என்னும் பெயருடைய துறையைக் கண்டு எழுதினார். ஒன்றை மண் மூடியது, மற்றொன்றை மண் மூடவிடாமல் காத்தார்கள். ஆறு இரண்டிடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தது.

மல்கொந்தெந்தாவைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. 1917 முதல் எழுந்த மர்கேராத் தொழில்துறையின் புகைபோக்கிகளும் எண்ணெய்க் கலங்களும் தோன்றுகின்றன. வினைல் குளோரைடு என்னும் நச்சு வாயுவை நுகர்ந்து தொழிலாளர்கள் புற்றுநோயால் மாண்ட வழக்கு அங்கே பல்லாண்டு நடந்தது. 2001இல் அனைவரையும் விடுவித்த தீர்ப்பு, 2004இல் மேல்முறையீட்டில் ஓரளவு மாற்றப்பட்டது. சுற்றுலாப் படங்களில் வெனிசின் இப்பக்கம் இடம்பெறுவதில்லை. ஓட்டக்காரன் மட்டும் இதைத் தவிர்க்க முடியாது. அடுத்து வரும் மெஸ்த்ரே, வெனிசிலிருந்து வெளியேறியவர்கள் குடியேறிய சாதாரண நகரம். 2017இல் முன்னணியில் ஓடியவர்கள், வழிகாட்டிய மோட்டார் சைக்கிளைப் பின்பற்றி இப்பகுதியில் தவறான தெருவில் புகுந்துவிட, பின்னால் வந்த ஏயோப் ஃபானியேல் நேர்வழியில் சென்று வென்றார். 22 ஆண்டுகளுக்குப் பின் இவ்வோட்டத்தில் ஆடவர் பிரிவில் வென்ற இத்தாலியர் அவர். பிறந்தது, ஒருகாலத்தில் இத்தாலியின் குடியேற்ற நாடாயிருந்த எரித்திரியாவின் அஸ்மாராவில்.

பின்னர் பாலம். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், நேர்கோடு, இருபுறமும் நீர், நிழலில்லை. எதிர்க்காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். ஆஸ்திரியர் ஆட்சியில் 1846இல் இருப்புப்பாதைப் பாலம் முதலில் வந்தது. இரண்டே ஆண்டில் தானியேலே மானினின் தலைமையில் நகரம் கிளர்ந்தெழுந்தபோது, வெனிசார் செய்த வேலைகளுள் ஒன்று அப்பாலத்தின் வளைவுகள் சிலவற்றைத் தகர்த்தது. ஆயிரம் ஆண்டு இல்லாதிருந்த வழி வந்ததும், அது பகைவனுக்கும் வழி என்பதை உடனே கண்டுகொண்டார்கள். 1849 ஆகஸ்டில் பட்டினியும் காலராவும்தான் அவர்களைப் பணிய வைத்தன. அருகிலேயே சாலைப்பாலத்தை முசோலினியின் ஆட்சி 1933இல் திறந்து, தன் கட்சியின் சின்னத்தால் லித்தோரியோ என்று பெயரிட்டது. போருக்குப் பின் அது விடுதலைப் பாலம் ஆயிற்று. நாங்கள் ஓடியது அதன்மேல்தான்.

அந்த வழி எதைக் கொண்டுவந்தது? 1951இல் தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அவ்வெண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கியது. வீட்டு வாடகை, வெள்ளம், தொழிலின்மை எனக் காரணங்கள் பல. வெளியேற ஒரு சாலை இருந்ததும் அவற்றுள் ஒன்று என்றே கருதுகிறேன். நாள்தோறும் பாலத்தைக் கடந்து வருவோர் பெருகினர். மாலையில் விளக்கேற்றும் வீடுகள் குறைந்தன.

நகருக்குள் புகுந்ததும் ஓட்டம் வேறொன்றாகிறது. கடைசி மூன்று கிலோமீட்டரில் மட்டும் 14 பாலங்கள். அடியில் படகு செல்ல வேண்டியிருப்பதால் வெனிசின் பாலங்கள் முதுகு வளைந்து உயர்கின்றன. இடம் குறுகலாதலால் ஏற்றம் முழுவதும் படிக்கட்டு. களைத்த கால் அப்படிகளில் ஏறாது என்பதற்காக அமைப்பாளர்கள் அவற்றின்மேல் மரச் சாய்தளம் அமைக்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் அவற்றுள் பல உடனே பிரிக்கப்படுவதில்லை. சில மாதங்கள் அப்படியே விடப்படுகின்றன. சக்கர நாற்காலியில் செல்வோரும், குழந்தை வண்டி தள்ளும் தாயரும், காய்கறிச் சுமையோடு வரும் முதியோரும் அக்குளிர்காலத்தில் தடையின்றிச் செல்கிறார்கள். பிறகு சாய்தளம் போகும், படி மிஞ்சும். எஞ்சியிருக்கும் குடிமக்களுள் முதியோர் மிகுந்த ஊரில், ஒருநாள் வந்து போகும் வெளியூரானுக்காகப் போடப்பட்ட வழிதான் உள்ளூர்க் கிழவிக்கும் வழி என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. பாலத்தின் அழகு கெடும் என்ற மறுப்பில் பொருளுண்டு. ஆயினும் அந்த அழகின் நடுவே வாழ்பவர் வீட்டைவிட்டு இறங்க முடியாதபோது, அதை யாருக்காகக் காப்பது?

சாத்தெரே என்னும் நீண்ட கரையில் ஓடுகையில், வலப்பக்கம் அகன்ற கால்வாய்க்கு அப்பால் பல்லாதியோவின் ரெதெந்தோரே ஆலயம் வெண்மையாகத் தெரிகிறது. 1575-77இல் கொள்ளைநோய் நகரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் கொண்டுபோனபோது நேர்ந்துகொண்ட ஆலயம் அது. ஓவியர் தித்சியானோ இறந்ததும் அக்காலத்தில், 1576இல். ஆண்டுதோறும் ஜூலை மாதத்து மூன்றாம் ஞாயிறன்று அங்கே நடந்தே சென்று கடன் செலுத்த, கால்வாயின் குறுக்கே மிதவைப் பாலம் கட்டுகிறார்கள். முன்னாளில் படகுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டினர். 1630இல் மீண்டும் கொள்ளைநோய். மீண்டும் நேர்த்தி. லொங்கேனா கட்டிய சலூதே ஆலயம், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மரத்தூண்களைச் சேற்றில் அறைந்து எழுப்பியதாகப் பழைய கணக்கு கூறுவது, அவ்வாறு பிறந்தது. நவம்பர் 21 அன்று அதற்கும் ஒரு மிதவைப் பாலம் உண்டு.

நிலையான வழியை வேண்டாத நகரம், வேண்டுதலுக்காக மட்டும் நீரின்மேல் வழி போட்டுக்கொண்டது. போட்டதைச் சில நாளில் பிரித்தும் விட்டது. மாரத்தானுக்கும் சலூதே அருகிலிருந்து பெருங்கால்வாயின் குறுக்கே சான் மார்கோ பக்கம் செல்ல 150 மீட்டருக்கு மேற்பட்ட மிதவைப் பாலம் ஒன்று கட்டப்படுகிறது. அது கால் பட்டதும் மெல்ல அசைந்தது. முன்னே ஓடிய முதியவர் ஒருவர் நடுவில் நின்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். அவர் என்ன நேர்ந்திருந்தாரோ!

பாலம் இறங்கும் கரைக்கருகே பழைய அக்கசாலை இருக்கிறது. வெனிசின் தங்க டுக்கட் 1284 முதல் வார்க்கப்பட்டது. மிளகுக்கும் பிறவற்றுக்கும் விலையாக வந்த அக்காசுகள் தென்னிந்தியப் புதையல்களில் கிடைத்துள்ளன. அதில் டோஜ், புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தைப் பற்றியிருப்பார். நம்மவர் கண்ணுக்கு அது பனையேறுபவராகத் தெரிந்தது என்றும், அதனால் காசுக்கு அப்பொருளில் ஒரு பெயரே வழங்கியது என்றும் பழைய குறிப்புகள் கூறுகின்றன. டோஜைப் பனைமேல் ஏற்றிய அக்கற்பனை நம் கவிஞர்களுக்கு உகந்ததாக இருக்கும்.

அன்று நீர் ஏறியிருந்தது. கடைசிப் பகுதியில் பலரும் கணுக்கால் நனைய ஓடினோம். மறுநாள், அக்டோபர் 29, நீர்மட்டம் 156 சென்டிமீட்டரைத் தொட்டது. 1966 நவம்பர் 4இன் 194 சென்டிமீட்டரையும், பின்னர் வந்த 2019 நவம்பர் 12இன் 187ஐயும் நோக்க அது சிறிதே. காயலின் மூன்று வாயில்களில் 78 இரும்புக் கதவுகளை எழுப்பிக் கடலைத் தடுக்கும் மோசே அமைப்பு 2020 அக்டோபர் 3 அன்றுதான் முதன்முதலாக வெள்ளத்தின்போது இயங்கியது.

இன்னும் சிறிது தூரம். இடப்பக்கம் உள்ளே தள்ளி அர்செனாலே என்னும் கப்பல் கட்டும் தளத்தின் வாயில். அதைக் காக்கும் பளிங்குச் சிங்கங்களுள் பெரியது ஏதென்சின் துறையான பிரேயசில் இருந்தது. 1687 செப்டம்பர் 26 அன்று வெனிசின் குண்டு பார்த்தினான் கோயிலைச் சிதறடித்தது. அப்படையெடுப்பின் தலைவர் மொரொசீனி சிங்கத்தைக் கப்பலேற்றி வந்தார். மாரத்தான் சமவெளியின் பெயரால் ஓடுபவர்கள், அந்நாட்டிலிருந்து கவர்ந்து வந்த சிங்கத்துக்குச் சற்றுத் தொலைவில் ஓட்டத்தை முடிக்கிறார்கள்.

முடியும் இடத்தின் பெயர் ஏழு தியாகியர் கரை. முசோலினியின் ஆட்சியில் அமைக்கப்பட்டபோது அது பேரரசுக் கரை எனப்பட்டது. 1944இல் ஜெர்மானியக் காவல் வீரன் ஒருவன் அங்கே காணாமற்போனான். அதற்குப் பழியாகச் சிறையிலிருந்த எழுவரை ஆகஸ்டு 3 அன்று அக்கரையில் நிறுத்திச் சுட்டனர். சுற்றுப்புற மக்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து பார்க்க வைத்தனர். அவ்வீரன் குடிபோதையில் நீரில் விழுந்து இறந்தவன் என்பது பின்னர் தெரியவந்தது என்பர். பிசானி மாளிகையில் இருவர் பேசிய நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே பத்து ஆண்டும் சில வாரமும். இடைவெளியைக் காலால் அளந்தால் ஒரு மாரத்தான்.

அதே கரையில் மக்கள் நெருங்கி நின்று, பெயர் தெரியாதவர்களையும் கைதட்டி வரவேற்றார்கள். பதக்கத்தைக் கழுத்தில் இட்டபின் கரையோரமாக மேலும் நடந்தேன். பூங்காவருகே, எதிர்ப்புப் போரில் மாண்ட பெண்களுக்காக அகுஸ்தோ மூரெர் செய்து 1969இல் வைத்த வெண்கலச் சிலை உண்டு. கைகள் பிணைக்கப்பட்ட ஒரு பெண், நீரோரக் கற்களின்மேல் கிடக்கிறாள். நீர் ஏறினால் மறைவாள். நான் போனபோது கற்களும் தெரியவில்லை. மாலையில் நீர் வடிந்தபின் மீண்டும் சென்றேன். அப்போது தோளும் முகமும் வெளியே வந்திருந்தன.