பாதை 66-இன் ஒளிப்பலகைகள்: இல்லினாய்ஸ் மாநிலச் சாலையோர வணிக அடையாளங்கள் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலமான இல்லினாய்ஸில், சிகாகோவிலிருந்து தென்மேற்காகச் செயின்ட் லூயி நகரை நோக்கிச் செல்கிறது பழைய ‘பாதை 66’. 1926-இல் எண் பெற்ற இந்த நெடுஞ்சாலையின் மொத்த நீளம் சுமார் 2,400 மைல். அதில் ஏறத்தாழ 300 மைல் இல்லினாய்ஸுக்கு உரியது. சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில் சிற்றூர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும் இச்சாலையின் ஓரத்தில் உணவகங்கள், தங்கும் விடுதிகள், பெட்ரோல் நிலையங்கள், திறந்தவெளித் திரையரங்குகள் எழுந்தன. அவை வழிப்போக்கரை அழைக்க நிறுத்திய பெயர்ப்பலகைகளே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

1. ஆய்வெல்லையும் கருதுகோளும்

இல்லினாய்ஸில் பாதை 66-ஐ ஒட்டிய வணிக அடையாளங்களே இங்கு முதன்மைச் சான்றுகள். ஒப்பீட்டுக்குத் தேவைப்படும் இடங்களில் மட்டும் அண்டைப் பகுதிகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சாலையோரப் பலகையின் வடிவத்தைத் தீர்மானித்தவை இரண்டு: வாகனத்தின் வேகம், கடைக்காரருக்கும் ஊருக்கும் இருந்த பிணைப்பு. ஆகவே பலகையையும் அது நிற்கும் இடத்தையும் பிரித்துப் பொருள்கொள்ள இயலாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நியான் தொழில்நுட்பம்

2.1 தோற்றம்

வில்லியம் ராம்சேவும் மோரிஸ் டிராவர்ஸும் 1898-இல் இலண்டனில் நியான் வாயுவைக் கண்டறிந்தனர். காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 18 பங்கே நியான் உள்ளது. காற்றைத் திரவமாக்கிப் பிரிக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் கிளாட் கையில், இந்த அரிய வாயு துணைப்பொருளாகத் தாராளமாகச் சேர்ந்தது. 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அவர் நியான் விளக்குகளைக் காட்சிக்கு வைத்தார். 1915-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபது ஆண்டுகளில் நியான் அமெரிக்கச் சிற்றூர்களின் கடைத்தெருக்கள் வரை பரவியது.

2.2 செய்முறை

நியான் குழாய் இன்றளவும் கைத்தொழிலே. எழுத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் இளக்கி, அந்தக் கோட்டின் மேல் வைத்து வளைப்பார் கைவினைஞர். வளைவில் குழாய் ஒடுங்கிவிடாதிருக்க, ஒரு முனையில் பொருத்திய ரப்பர்க் குழல் வழியாக வாயால் மெல்ல ஊதிக்கொண்டே இருப்பார். கண்ணாடி இறுகுவதற்குள் வளைவு முடிந்தாக வேண்டும். பிறகு இரு முனைகளிலும் மின்முனைகளை ஒட்டி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, உயர் மின்னோட்டத்தால் சூடேற்றிக் கசடுகளை நீக்கி, மிகக் குறைந்த அழுத்தத்தில் வாயுவை நிரப்பி மூடுவார்கள். மின்மாற்றி தரும் சில ஆயிரம் வோல்ட் மின்சாரத்தில் குழாய் ஒளிர்கிறது.

தூய நியான் செம்மஞ்சளாக ஒளிரும். ஆர்கானுடன் துளி பாதரசம் சேர்ந்தால் நீலம் கிடைக்கும். பிற நிறங்களுக்கு வண்ணக் கண்ணாடியும், குழாயின் உட்புறப் பூச்சும் துணைசெய்கின்றன. எழுத்துகளை இணைக்கும் பகுதிகளில் கறுப்பு வண்ணம் பூசி ஒளியை மறைப்பதும் உண்டு. நன்றாகச் செய்த குழாய் பல பத்தாண்டுகள் எரியும். உடைந்தால், அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் வளைத்துப் பொருத்தலாம். பழைய பலகைகளை மீட்க முடிவதற்கு அடிப்படை இந்தப் பழுதுபார்க்கும் தன்மைதான்.

3. அடையாளங்களின் வகைப்பாடு

3.1 தீட்டிய சுவர்களும் களஞ்சியங்களும்

நியானுக்கு முந்தியது தூரிகை. மிசௌரி மாநிலத்தின் மெராமெக் குகையை நடத்திய லெஸ்டர் டில், பல மாநிலங்களில் உழவர்களின் களஞ்சியங்களில் தம் குகையின் பெயரைத் தீட்டச் செய்தார். இல்லினாய்ஸில் கயூகா, ஹேமல் ஆகிய ஊர்களில் இத்தகைய களஞ்சியங்கள் புகழ்பெற்றவை. வயல்வெளியில் தொலைவிலிருந்தே தெரியும் பெரிய பரப்பு, சில சொற்கள், பேரெழுத்து ஆகியவை இவ்வகையின் இலக்கணம்.

3.2 நியான் பலகைகள்

தகட்டுப் பெட்டியின் மேல் வண்ண எழுத்தும், அதன் மேல் குழாயும் அமைந்ததே இவ்வகை. பகலில் வண்ணம் பேசும்; இரவில் குழாய் பேசும். சிகாகோவின் ஜாக்சன் சாலையில் உள்ள லூ மிட்செல்ஸ் உணவகம், வில்லோபுரூக்கில் கோழி வறுவலுக்குப் பெயர்பெற்ற டெல் ரேயாஸ் சிக்கன் பாஸ்கெட், லிட்ச்ஃபீல்டில் 1935-இல் கட்டப்பட்ட கட்டடத்தில் இயங்கும் அரிஸ்டன் கஃபே ஆகியவை இவ்வகைக்குச் சிறந்த சான்றுகள். மிட்செல் என்னும் சிற்றூரில் உள்ள லூனா கஃபே 1924-இல், அதாவது பாதை 66-க்கு முன்பே எழுந்தது. மதுக்கிண்ணமும் அதில் ஒரு செர்ரிப் பழமும் ஒளிரும் அதன் பலகை, எழுத்தறியாதவருக்கும் செய்தி சொல்லும்.

வேகத்தின் செல்வாக்கு இவ்வகையில் தெளிவாகத் தெரிகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 88 அடி கடந்துவிடும். ஓட்டுநர் படித்து, முடிவெடுத்து, வேகம் தணித்துத் திரும்பச் சில நொடிகளே உண்டு. எனவே பெயர் சுருங்கியது, அம்புக்குறி வளர்ந்தது, குழாய்கள் மாறிமாறி எரிந்து அசைவைக் காட்டின. மின்னிய பகட்டு அத்தனையும் இந்தக் கணக்குக்குக் கிடைத்த விடையே.

3.3 உருவச் சிலைகள்

1960-களில் கலிஃபோர்னியாவின் இன்டர்நேஷனல் ஃபைபர்கிளாஸ் நிறுவனம் கண்ணாடியிழைப் பேருருவங்களை நாடெங்கும் விற்றது. வில்மிங்டனில் லாஞ்சிங் பேட் உணவகத்தின் முன் 1965-இல் நிறுத்தப்பட்ட ‘ஜெமினி ஜயண்ட்’ அவற்றுள் ஒன்று. விண்வெளிப் பயணம் நாட்டையே ஈர்த்திருந்த காலத்தில், தலைக்கவசமும் கையில் ராக்கெட்டுமாக அது எழுந்தது. இவ்வகையின் உச்சம் காலின்ஸ்வில்லில் உள்ளது. 1949-இல் ஒரு கெட்சப் ஆலைக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியே கெட்சப் புட்டியாக வடிவெடுத்து 170 அடி உயரத்தில் நிற்கிறது.

3.4 தொடர் நிறுவனப் பலகைகள்

1955-இல் ரே கிராக் இதே மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் தம் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்தார். அதற்குப் பின் பரவிய தொடர் உணவகங்களின் பலகைகள், ‘இங்கும் அங்கும் ஒன்றே’ என்று உறுதி கூறின. தனிக்கடைப் பலகையோ ‘இது இங்கு மட்டுமே’ என்றது.

4. சரிவின் காரணங்கள்

முதற்காரணம் சாலை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்த விரைவுச்சாலைகள் ஊர்களுக்குள் நுழையாமல் விலகிச் சென்றன. இல்லினாய்ஸில் இன்டர்ஸ்டேட் 55 பழைய பாதையின் போக்குவரத்தை ஈர்த்துக்கொண்டது. 1977 ஜனவரியில் சிகாகோவிலிருந்து 66-இன் எண்பலகை இறக்கப்பட்டது. 1985-இல் அந்த எண்ணே நாடு முழுவதும் நீக்கப்பட்டது. பார்ப்பவர் போனபின் பலகை யாருக்காக எரியும்?

இரண்டாவது, பொருள் மாற்றம். குழல்விளக்கை உள்ளே வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள் மலிவாகவும் விரைவாகவும் தயாராயின. பின்னர் எல்.இ.டி. வந்தது. மூன்றாவது, சட்டம். 1965-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டம் சாலையோர விளம்பரத் தட்டிகளைக் கட்டுப்படுத்தியது. கடை வளாகத்துப் பெயர்ப்பலகைக்கு அது விலக்களித்தது. ஆயினும் பல ஊர்களின் உள்ளூர் விதிகள், அளவு மீறிய பழைய பலகை ஒருமுறை இறங்கினால் மீண்டும் ஏற இடம் தருவதில்லை. பழுதுபார்க்க இறக்குவதே பலகையின் முடிவாகிவிடும் அபாயம் இதனால் நேர்கிறது.

5. பாதுகாப்பு முறைகள்: ஒரு மதிப்பீடு

முதல் முறை, நின்ற இடத்திலேயே மீட்பது. 1999-இல் இயற்றப்பட்ட பாதை 66 பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தேசியப் பூங்காத் துறை செலவில் ஒரு பங்கை நிதியாக வழங்கியது. லூனா கஃபே பலகை இவ்வாறே மீண்டும் ஒளிபெற்றது. காலின்ஸ்வில் மக்களும் திரண்டு தம் புட்டியைக் காத்தனர். அது 1995-இல் புதுப்பிக்கப்பட்டு, 2002-இல் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்ந்தது.

இரண்டாவது, அதே பாதையில் இடம் மாற்றுவது. சிசரோவில் ஹாட்-டாக் ஏந்தி நின்ற ‘பன்யன்’ பேருருவம், கடை மூடியபின் 2003-இல் அட்லாண்டா என்னும் இல்லினாய்ஸ் சிற்றூருக்கு வந்தது. 2024-இல் ஏலத்துக்கு வந்த ஜெமினி ஜயண்டை ஜோலியட் வரலாற்று அருங்காட்சியகம் 2,75,000 டாலருக்கு வாங்கி, வெளியே போகவிடாமல் வில்மிங்டன் பூங்காவிலேயே நிறுத்தியது. கடை இல்லை, ஊர் இருக்கிறது. பாதிப் பொருளேனும் தப்பியது.

மூன்றாவது, அருங்காட்சியகம். பான்டியாக்கில் பாதை 66 அருங்காட்சியகம் உள்ளது. ஒஹையோவின் சின்சினாட்டியில் டாட் ஸ்வோர்ம்ஸ்டெட் நிறுவிய அமெரிக்கப் பலகை அருங்காட்சியகம் 2005-இல் திறக்கப்பட்டது; அதன் வளாகத்திலேயே நியான் பட்டறையும் இயங்குகிறது. அழிவுக்கும் காப்புக்கும் இடையே வேறு வழியற்ற பலகைகளுக்கு அருங்காட்சியகமே புகலிடம். ஆனால் கூரைக்கடியில் நின்று பார்க்கும் பலகை, காரில் வருபவருக்காகச் செய்த கணக்கை இழந்துவிடுகிறது.

6. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் மூன்று. ஒன்று, இப்பலகைகளின் அளவும் வடிவும் அசைவும் வேகத்துக்கேற்ற வடிவமைப்பு. அவற்றை வெறும் பகட்டென ஒதுக்குவது பிழை. இரண்டு, அவற்றின் பொருள் இடத்தோடு ஒட்டியது. எனவே நின்ற இடத்தில் மீட்பதே முதல் தேர்வாகவும், அருங்காட்சியகம் கடைசித் தேர்வாகவும் இருத்தல் வேண்டும். மூன்று, கண்ணாடி வளைக்கும் கை இல்லாமல் எந்த நியான் பலகையும் மீளாது.

ஆகவே நிதியும் சட்டமும் பலகையோடு நின்றுவிடக் கூடாது. பழுதுக்காக இறக்கிய வரலாற்றுப் பலகை மீண்டும் ஏற உள்ளூர் விதிகள் இடந்தர வேண்டும். அதைச் செப்பனிடும் கைவினைஞருக்குப் பயிற்சியும் ஊதியமும் உறுதியாக வேண்டும். இந்த இரண்டையும் செய்யும் ஊரே தன் பலகைகளைக் காக்கும்.