கணினியின் ஆயுளை முடிவுசெய்வது யார்?

விண்டோஸா, லினக்ஸா என்று சண்டை போடுகிறோம். எது வேகம், எது எளிது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நம் கணினி எப்போது பழையதாகும் என்று முடிவெடுப்பது யார்?

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி இதைக் கேட்டது. அங்கே சுமார் 14,000 கணினிகள் விண்டோஸ் என்டி 4.0-இல் ஓடின. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடிக்கவிருந்தது. ஓடுகிற கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. புதியதை வாங்கியே ஆக வேண்டும். 2003இல் மாநகர மன்றம் லினக்ஸுக்கு வாக்களித்தது. மைக்ரோசாஃப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து மேயரைச் சந்தித்தும் முடிவு மாறவில்லை. 'லிமக்ஸ்' என்ற அந்தத் திட்டம் 2013இல் நிறைவடைந்தது. 2014இல் புதிய மேயர் வந்தார். 2017இல் அதே மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது.

லினக்ஸ் தோற்றது என்று பலர் இக்கதையை முடிப்பார்கள். ஆனால் தோழர்களே, போனதும் திரும்பியதும் மக்கள் பிரதிநிதிகளின் வாக்கெடுப்பில் நடந்தன. பிடிக்காத முடிவை அடுத்த தேர்தலில் கேள்வி கேட்கலாம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் பல கணினிகளை விண்டோஸ் 11 ஏற்காது. இதற்கு யாரும் நம்மிடம் வாக்குக் கேட்கவில்லை.