எந்தப் பாலோடு ஒப்பிடுவது? ஆர்கானிக் பால் விலையாய்வில் இணை தேடும் சிக்கல்

ஆர்கானிக் பால் வழக்கமான பாலைவிட விலை கூடுதலா என்று புள்ளியியல் சோதனை நடத்திப் பார்ப்பது ஒருவகையில் வீண் வேலை. கூடுதல்தான் என்பது கடைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். இருந்தும் புள்ளியியல் பாடத்தில் மாணவர்கள் விரும்பி எடுக்கும் பயிற்சி இது. இருபது கடைகளில் விலை குறித்து, டி-சோதனை போட்டு, பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததும், விலையில் வேறுபாடே இல்லை என்ற இன்மைக் கருதுகோளைத் தள்ளிவிட்டு நிறைவடைந்துவிடுகிறோம். யாரும் நம்பாத ஒரு கருதுகோளைத் தள்ளியதில் என்ன கிடைத்தது? ஆராய வேண்டியது வேறு: எந்தப் பாலோடு ஒப்பிட்டால் எவ்வளவு கூடுதல்? இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் கணக்குப் போடுவதற்கு முன்பே, தரவைத் திரட்டும் முறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டி-சோதனையை 1908இல் உருவாக்கிய வில்லியம் கோசெட், டப்ளின் நகரத்து கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்தவர். ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதியவர். அவர் பாலைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் வட்டாரத்தில் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நான்கு மாதம் அன்றாடம் முக்கால் பைன்ட் பால். மறு பாதிக்குப் பால் இல்லை. பால் பெற்றவர்களிலும் பாதிப் பேருக்குப் பச்சைப் பால், மற்றவர்களுக்குப் பாஸ்டரைஸ் செய்த பால். மறு ஆண்டே கோசெட் ‘பயோமெட்ரிக்கா’ இதழில் அந்த ஆய்வை அலசிப்போட்டார். இளகிய மனமுடைய ஆசிரியர்கள் மெலிந்த பிள்ளைகளாகப் பார்த்துப் பால் பிரிவில் சேர்த்திருக்கக் கூடும். ஏனென்றால், தொடக்கத்திலேயே பால் பெறாத பிரிவினர் உயரத்திலும் எடையிலும் மேலாக இருந்தார்கள். குளிர்கால உடுப்போடு எடுத்த எடையைக் கோடைக்கால உடுப்போடு எடுத்த எடையுடன் ஒப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும்விட, எந்தப் பள்ளியிலும் இரண்டு வகைப் பாலும் சேர்ந்து கொடுக்கப்படவில்லை. ஆகவே, பச்சைப் பாலுக்கும் பாஸ்டரைஸ் பாலுக்கும் உள்ள வேறுபாடு எது, பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாடு எது என்று பிரித்தறிய வழியில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பதில் ஐம்பது இரட்டையர் இணைகளை எடுத்திருந்தால், செலவில் மிகச் சிறு பங்கிலேயே நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றார் கோசெட்.

விலையாய்வில் பள்ளியின் இடத்தில் கடையை வைத்துப் பாருங்கள். வாடகை கூடிய வட்டாரத்துக் கடையில் எல்லாமே விலை கூடுதல். அங்கே ஆர்கானிக் பாலையும் புறநகர்க் கடையில் வழக்கமான பாலையும் குறித்துக்கொண்டு வந்தால், நாம் அளப்பது பாலையா வாடகையையா? விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. நான்கு அமெரிக்கக் கடைகளில் அரை கேலன் ஆர்கானிக் பால் முறையே 4.10, 4.90, 5.60, 6.40 டாலர், அதே கடைகளில் வழக்கமான பால் 2.60, 3.50, 4.00, 4.90 டாலர். கடையை மறந்துவிட்டு இவற்றைத் தனித்தனி மாதிரிகளாகக் கொண்டால் சராசரி வேறுபாடு 1.50 டாலர், டி-மதிப்பு 2.18. ஐந்து விழுக்காட்டு மட்டத்தில் தேவைப்படும் 2.45ஐ அது எட்டவில்லை. “வேறுபாடு நிறுவப்படவில்லை” என்று எழுத வேண்டி வரும். கடைவாரியாக இணைத்துக் கழித்தாலோ வேறுபாடுகள் 1.50, 1.40, 1.60, 1.50. டி-மதிப்பு 37ஐ நெருங்குகிறது. எண்கள் அதே எண்கள்; மாறியது இணையாக்கம் மட்டும்.

அதே எட்டு எண்களில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. டாலர் வேறுபாடு ஏறக்குறைய மாறாமல் நிற்க, விழுக்காட்டு வேறுபாடு முதல் கடையில் 58, கடைசிக் கடையில் 31. “ஆர்கானிக் பால் இத்தனை விழுக்காடு கூடுதல்” என்று ஒரே எண்ணைச் சொல்லும்போது, கூடுதல் விலை பெருக்கலாக இயங்குகிறது என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம். மடக்கை எடுத்துக் கணக்கிடும் பொருளியலாளர்கள் செய்வதும் இதுவே. அது பொருந்துமா என்பது, கூடுதல் விலை எங்கே பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க விதிப்படி ஆர்கானிக் மாடு ஆண்டில் 120 நாளுக்குக் குறையாமல் மேய வேண்டும். மேய்ச்சல் பருவத்தில் உண்ணும் உலர்பொருளில் 30 விழுக்காடாவது மேய்ச்சலிலிருந்து வர வேண்டும். தீவனமும் ஆர்கானிக்காகவே இருக்க வேண்டும். இந்தச் செலவுகள் பால் எந்தக் கடைக்குப் போனாலும் லிட்டருக்கு இவ்வளவு என்றே நிற்கும். அவை கூட்டலாக இயங்குபவை. கடைக்காரர் தம் கொள்முதல் விலைமீது வைக்கும் விழுக்காட்டு லாபம்தான் பெருக்கலாக இயங்குவது. ஆக, வேறுபாட்டை எடுப்பதா விகிதத்தை எடுப்பதா என்பது கூடுதல் காசு பண்ணையில் சேர்ந்ததா கடையில் சேர்ந்ததா என்பது பற்றிய ஒரு கருதுகோள். அதைக் கணினியின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது.

கடையை இணைத்தாயிற்று. பாலை இணைப்பது எப்படி? இரட்டைப் பிறவிகளான இரண்டு பால் உறைகள் அலமாரியில் கிடைப்பது அரிது. அமெரிக்கக் குடும்பங்கள் வழக்கமான பாலைப் பெரும்பாலும் கேலன் குடுவையில் (3.785 லிட்டர்) வாங்குகின்றன; ஆர்கானிக் பால் பெரும்பாலும் அரை கேலன் அட்டைப் பெட்டியில் வருகிறது. பெரிய குடுவையில் லிட்டர் விலை பொதுவாகக் குறைவு. போதாக்குறைக்கு, கூட்டத்தை உள்ளே இழுக்கவே கேலன் பாலை நட்டத்துக்கு விற்கும் பேரங்காடிகளும் உண்டு. சூடாக்கும் முறையும் வேறு. வழக்கமான பாலை 72 செல்சியஸில் 15 விநாடி சூடாக்குகிறார்கள். ஆர்கானிக் பாலில் பெரும்பகுதியை 138 செல்சியஸில் இரண்டு விநாடி. ஆலைகள் குறைவு, தொலைவு அதிகம், விற்பனை மெதுவு என்பதால் பால் வாரக்கணக்கில் கெடாமல் இருந்தாக வேண்டும். வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு ஆர்கானிக் முத்திரைக்கானதல்ல, நீண்ட ஆயுளுக்கானது. கடையின் சொந்தப் பிராண்டையும் விளம்பரப் பிராண்டையும் கலந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

இதனால்தான் ஒரே அமெரிக்க வேளாண் துறையிலிருந்து வெளிவந்த இரண்டு ஆய்வுகள் வெவ்வேறு எண்களைத் தருகின்றன. டிமிட்ரி, வெனேசியா இருவரும் 2004ஆம் ஆண்டு வீட்டுக் கொள்முதல் தரவில் அரை கேலன் பாலை ஒப்பிட்டு, சராசரியாக 98 விழுக்காடு கூடுதல் என்றார்கள். கார்ல்சன், யெனிக்கி இருவரின் 2016ஆம் ஆண்டு அறிக்கை பதினேழு பொருள்களை எடுத்துக்கொண்டு, 2010இல் கூடுதல் விலை கீரைக்கு 7 விழுக்காடு முதல் முட்டைக்கு 82 விழுக்காடு வரை என்றது, பாலுக்கு 72. ஆண்டும் மாறியது, முறையும் மாறியது. பின்னவர்கள் பொருளின் பண்புகள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை பிரித்தெடுக்கும் முறையைக் கையாண்டார்கள். 1928இலேயே பொருளியலாளர் பிரெடரிக் வாவ் இதே வழியில் பாஸ்டன் சந்தையின் ஆஸ்பராகஸ் கட்டுகளுக்குப் பச்சை நிற நீளம், தண்டின் பருமன் என்று விலை பிரித்துக் காட்டியிருக்கிறார். 98லிருந்து 72க்குக் கூடுதல் விலை இறங்கிவிட்டது என்று இந்த இரு எண்களை வைத்து எழுதுபவர், குளிர்கால உடுப்பையும் கோடை உடுப்பையும் மறந்த லானார்க்ஷயர்க்காரர்களின் வாரிசு.

இணையாக்கத்துக்கும் விலை உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பாலும் உள்ள கடைதான் இணையாகும். ஆர்கானிக் பாலே வைக்காத சிறு கடைகளும், பெரும்பாலும் அவற்றை நம்பியிருக்கும் ஏழை வட்டாரங்களும் ஆய்விலிருந்து ஓசையில்லாமல் கழன்றுவிடுகின்றன. விளம்பரத் தாள்களிலிருந்து விலை திரட்டும் வாராந்தர அரசு அறிக்கைகளிலோ தள்ளுபடி விலையே மிகுந்து நிற்கும். ஒரே சங்கிலி நிறுவனத்தின் ஐம்பது கிளைகளில் விலை குறித்தவர் ஐம்பது தரவு எடுத்ததாக எண்ணக் கூடாது. தலைமையகத்தில் ஒருவர் தட்டச்சிட்ட ஒரே எண்ணை ஐம்பது முறை படியெடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நுணுக்கமான சூத்திரங்களைவிட இதைத்தான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பயிற்சியைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் சோதனையின் வடிவமே மாறிவிடும். பால் உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கிறது. ஆவின் விலையை அரசு தீர்மானிக்கிறது. சில கடைகள் குளிர்பதனச் செலவென்று ஒன்றிரண்டு ரூபாய் கூட்டி வாங்குவதை விட்டுவிட்டால், கடைக்குக் கடை வேறுபாடே இல்லை. அதனால் கடைவாரி இணையாக்கத்தால் பயனும் இல்லை. கோசெட்டின் இரட்டையர்களுக்கு இங்கே வேலை கடையில் அன்று, கொழுப்பில். 3 விழுக்காடு கொழுப்புள்ள நீல உறை, 4.5 விழுக்காடுள்ள பச்சை, 6 விழுக்காடுள்ள ஆரஞ்சு ஆகியவற்றில் எதை எதிரே நிறுத்துகிறோம் என்பதே கூடுதல் விலையைத் தீர்மானித்துவிடும். வீட்டு வாசலுக்குக் கண்ணாடிப் புட்டியில் வரும் பாலுக்குப் போக்குவரத்துச் செலவைக் கழிக்க வேண்டும். ‘நாட்டு மாட்டுப் பால்’, ‘ஏ2’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஆர்கானிக் ஆகிவிடாது. 2017ஆம் ஆண்டு ஆர்கானிக் உணவு விதிகளின்படி சான்று பெற்றுள்ளதா, ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கிறதா என்று உறையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் வழக்கமான பாலின் விலை என்று ஒரே எண் அகப்படாது. 2022 நவம்பரில் ஆரஞ்சு உறை லிட்டருக்கு 60 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, மாதாந்தர அட்டை வைத்திருப்பவர்களுக்கு 46 ரூபாயே தொடர்ந்தது. ஒரே ஆலை, ஒரே கொழுப்பு, ஒரே உறை. நடுவில் 30 விழுக்காடு. லிட்டர் 92 ரூபாய்க்கு ஓர் ஆர்கானிக் பால் விற்பதாக வைத்துக்கொண்டால், அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு அது இரு மடங்கு விலை. அட்டை இல்லாத அடுத்த வீட்டுக்கு ஒன்றரை மடங்குதான்.