குழந்தைக் காமாலையும் நீல விளக்கும்

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். கண்ணிலும் முகத்திலும் மஞ்சள் தட்டுகிறது. உடனே வீட்டுப் பெரியவர்கள், "காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு, சரியாகிவிடும்" என்கிறார்கள். தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களில் பலர் இப்படி வாசலில் கிடத்தப்பட்டவர்களே. இதை வெறும் மூடப் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. மருத்துவமனையில் எரிகிற நீல விளக்கின் வரலாறும் வெயிலில்தான் தொடங்குகிறது. ஆனால் அது வெயிலோடு நின்றுவிடவில்லை. அந்த வரலாற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து உடையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பக்குவப்படுத்தி மலத்தோடு வெளியேற்றுவது ஈரலின் வேலை. பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்த வேலை பழகச் சில நாள் ஆகும். ஆகவே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானே மறையும்.

அளவு மீறினால்தான் ஆபத்து. மிகுந்த மஞ்சள் மூளையில் படியும். இறந்த குழந்தைகளின் மூளையில் காணப்பட்ட இந்த மஞ்சள் கறைக்கு, ஷ்மோர்ல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1904-இல் பெயர் சூட்டினார். பிழைத்த குழந்தைகளில் சிலருக்குக் காது கேளாமல் போயிற்று. சிலருக்குக் கை கால் சொன்னபடி கேட்கவில்லை. 1940-களில் ஒரு வழி பிறந்தது. குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு, வேறு இரத்தம் ஏற்றினார்கள். உயிரைக் காத்தாலும் அது அபாயம் நிறைந்த சிகிச்சையே.

1956-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள ரோச்ஃபர்ட் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் பிரிவைக் கவனித்துவந்தவர் ஜீன் வார்ட் என்ற தாதி. வெயிலும் நல்ல காற்றும் குழந்தைக்கு நல்லது என்று நம்பிய அவர், நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருந்தது. துணியின் ஓரம் மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் கடும் மஞ்சளாக இருந்தது. பிறகு, வெயில்படும் சன்னலோரம் இருந்துவிட்ட இரத்தக் குழாய் ஒன்றைச் சோதித்தபோது, அதிலும் மஞ்சளின் அளவு குறைந்திருந்தது. கிரீமர் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து, விளக்கொளியால் சிகிச்சை செய்து, 1958-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் லூசி என்பவர் குழுவினர் 1968-இல் முறையாகச் சோதித்து உறுதி செய்த பின் அது பல நாடுகளுக்கும் பரவியது. நீல ஒளி தோலில் பட்டதும் மஞ்சள் பொருளின் உருவம் மாறுகிறது. ஈரல் பக்குவப்படுத்தும்வரை காத்திராமல் அது வெளியேறிவிடுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் மருத்துவர் வோங் ஹொக் பூன், மூளையைத் தாக்கிய காமாலைக்கும் ஜி6பிடி குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். இக்குறைபாடு பிறவியிலேயே வருவது; ஆண் குழந்தைகளிடம் அதிகம். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் வாடையும், சில மருந்துகளும் மூலிகைகளும் இக்குழந்தைகளின் சிவப்பணுக்களை மளமளவென்று உடைத்துவிடும். 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை நடந்துவருகிறது. மலேசியாவிலும் பிறகு தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கும் வழக்கம் வந்தது.

அப்படியானால் வெயில் போதாதா? போதாது. வெயிலிலும் நீல ஒளி உண்டு. ஆனால் அதன் அளவை நம்மால் அறிய முடியாது. குழந்தையின் தோல் கன்றும். உடலில் நீர் வற்றும். எல்லாவற்றையும்விட, "வெயிலில் காட்டிவிட்டோம்" என்ற நிம்மதியிலேயே ஒருநாள் கழிந்துவிடும். அந்த ஒருநாளில் மஞ்சள் மூளைக்கு ஏறிவிடலாம். மருத்துவமனையில் இரத்தத்தை அளந்து, கண்ணை மூடிக்கட்டி, விளக்கடியில் வைத்து, மீண்டும் அளக்கிறார்கள். அந்த அளவுதான் வித்தியாசம்.

நாம் செய்யவேண்டியவை சில. குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுப்போம்; வெறும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். பிள்ளைத் துணியில் பாச்சை உருண்டை போடாதிருப்போம். நம் பிள்ளைகளின் கறுத்த தோலில் மஞ்சள் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்ப்போம். பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும், மலம் வெளுத்துப் போனாலும், இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம்.

வெயிலில் ஏதோ நன்மை இருக்கிறது என்று நம் பாட்டிமார் எண்ணியது பொய்யல்ல. ஜீன் வார்டும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் அவர் கண்டதை மருத்துவர்களிடம் காட்டினார். நாமும் குழந்தையின் மஞ்சளைக் கண்டால், தாதியிடமோ மருத்துவரிடமோ காட்டுவோம்.