அட்லாண்டாவில் கேட்ட மன்னிப்பு

1995 ஜூன் 20ஆம் நாள். ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத் தலைநகராகிய அட்லாண்டாவில் தென்னகப் பாப்டிஸ்டுப் பேரவை தன் 150ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடக் கூடியிருந்தது. அமெரிக்கச் சுவிசேஷக் கிறித்தவர்களிடையே மிகப் பெரிய அமைப்பு அது. ஆண்டு விழாக்களில் முன்னோர் புகழ் பாடுவதே வழக்கம். அன்று பேராளர்கள் வேறொன்று செய்தனர். தம் அமைப்பின் பிறப்பில் அடிமைமுறைக்குப் பங்குண்டு என ஒப்புக்கொண்டனர். கறுப்பின மக்களிடம் மன்னிப்பு வேண்டித் தீர்மானம் நிறைவேற்றினர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வந்த அச்சொற்களின் எடையை அறிய வேண்டுமாயின், பிளவு நேர்ந்த காலத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

அமெரிக்கப் பாப்டிஸ்டுகளை நாடு தழுவிய ஓர் அமைப்பாக முதலில் இணைத்தது ஆசியாவின் மீது கொண்ட ஆர்வமே. அடோனிராம் ஜட்சனும் அவர் துணைவியார் ஆனும் 1812இல் கல்கத்தாவில் முழுக்குப் பெற்றுப் பாப்டிஸ்டுகளாயினர். 1813 ஜூனில் சென்னைக் கரையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறினர். அவர்களைத் தாங்குதற்பொருட்டு 1814இல் பிலடெல்பியாவில் பொது மிஷனரிப் பேரவை தோன்றியது. அதன் முதல் தலைவர் ரிச்சர்டு ஃபர்மன், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரப் போதகர்.

அந்நகரில் 1822இல் ஓர் எழுச்சித் திட்டம் வெளிப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பரான டென்மார்க் வெசி அதன் தலைவர் எனக் குற்றம் சாட்டப்பெற்று, அவரும் வேறு 34 பேரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுட் சிலர் வழிபட்டு வந்த ஆப்பிரிக்கத் திருச்சபையின் கட்டடமும் இடிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஃபர்மன் மாநில ஆளுநருக்கு ஒரு நீண்ட மடல் வரைந்தார். அடிமைகளை உடைமையாக வைத்திருத்தல் வேதத்திற்கு முரணன்று என்பதே அதன் சாரம். வெள்ளையர் தம் மனச்சான்றை உறங்கவைக்க நாடிய நூல்களுள் அம்மடலுக்குத் தனியிடம் உண்டு. அதை வரைந்தவர் கொடியவர் எனப் பெயர் எடுத்தவரல்லர். கல்வி வளர்த்தவர், மதிப்புக்குரியவர். வருத்தம் தருவது அதுவே.

பிளவு 1844இல் முற்றியது. மெதடிஸ்டுச் சபையார் நியூயார்க்கில் கூடி, திருமணத்தின் வாயிலாக அடிமைகளுக்கு உரியவரான ஜார்ஜியாவின் ஆயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ பணியிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என 110க்கு 68 என்ற வாக்கில் முடிவு செய்தனர். தென்னாட்டார் பிரிந்து போயினர். பாப்டிஸ்டுகளோ தம் வழக்கை மிஷனரி நியமனத்தில் வைத்தே நடத்தினர். அடிமை உடையவரான ஜேம்ஸ் ரீவ் என்பாரை உள்நாட்டு மிஷனரியாக அமர்த்துமாறு ஜார்ஜியர் விண்ணப்பித்தனர். இது சோதனைக்கென அனுப்பப்பட்டது எனக் கூறி உள்நாட்டு மிஷன் சங்கம் அதனை ஆராயவே மறுத்தது. அலபாமா பாப்டிஸ்டுகள் நேராகவே கேட்டபோது, அடிமைகளை உடைமையாக வைத்துக்கொள்வதில் பிடிவாதமாய் இருப்பவரை மிஷனரியாக அமர்த்தவியலாது என்று பாஸ்டனில் இருந்த அயல்நாட்டு மிஷன் குழு விடையிறுத்தது. 1845 மே மாதம் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் 293 பேராளர்கள் கூடித் தென்னகப் பேரவையை நிறுவினர்.

அதன் முதல் தலைவர் வில்லியம் புல்லீன் ஜான்சன், 1814இல் பிலடெல்பியாவிலும் இருந்தவர். வடவரும் தென்னவரும் இன்னும் சகோதரரே, விசுவாசத்தின் எந்தக் கூற்றிலும் மாறுபாடில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். ஒருவகையில் அது பொய்யன்று. இரு சாராரும் ஒரே வேதத்தை ஓதினர், ஒரே முறையில் முழுக்குக் கொடுத்தனர். அந்தச் சகோதரத்துவத்தில் அடிமைகளின் இடம் எது என்ற வினா மட்டும் அம்மடலில் எழவில்லை. அவ்வடிமைகளுள் பலரும் பாப்டிஸ்டுகளே என்பதை மறத்தலாகாது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து ஏறத்தாழ 40 இலட்சம் பேர் விடுதலை பெற்றனர். வெள்ளையர் ஆலயங்களின் மாடங்களில் அமர்ந்து வழிபட்டவர்கள் வெளியேறித் தமக்கெனச் சபைகள் கண்டனர். 1895இல் தேசியப் பாப்டிஸ்டுப் பேரவையாக அவர்கள் இணைந்ததும் அட்லாண்டாவில்தான்.

மன்னிப்பு என்னும் சொல்லின் வரலாற்றில் 1961ஆம் ஆண்டும் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் லூயிவில் நகரில் உள்ள தென்னகப் பாப்டிஸ்டு இறையியல் கல்லூரியில் உரையாற்றினார். சில சபைகள் சினந்து நன்கொடையை நிறுத்தின. அதனால் மனம் புண்பட்டோர்க்குக் கல்லூரி அறங்காவலர் வருத்தம் தெரிவித்தனர். ஆக, வருத்தம் தெரிவிக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லாமலில்லை. அது யாரை நோக்கித் திரும்பியிருந்தது என்பதுதான் பொருள்.

1995ஆம் ஆண்டுத் தீர்மானம் அத்திசையை மாற்றியது. அதன் வாசகத்தில் மூன்று நிலைகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. முன்னோரின் அடிமைமுறைக்காகப் புலம்பி அதனைத் தள்ளுதல் ஒன்று. தம் வாழ்நாளில் நிறவெறியைப் பொறுத்தும் வளர்த்தும் வந்தமைக்கு மன்னிப்புக் கோருதல் மற்றொன்று. அறிந்தும் அறியாமலும் தம்மிடம் உள்ள நிறவெறியை விட்டு மனந்திரும்புதல் மூன்றாவது. மனந்திரும்புதல் என்பது தமிழ் விவிலியம் வழங்கும் அருமையான சொல். வருந்துதல் உணர்ச்சி, திரும்புதலோ கால்களின் வேலை.

அம்மன்றத்தில் மன்னிப்பை ஏற்றுக்கொண்டவர் பேரவையின் துணைத்தலைவர்களுள் ஒருவரும் ஒகையோ மாநிலத்துக் கறுப்பினப் போதகருமான கேரி ஃபிராஸ்ட். மன்னிப்பை வழங்கிய அவர், அந்த மனந்திரும்புதல் செயலில் விளங்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார். பலர் கண் கலங்கினர். அவரது உள்ளத்தூய்மையை ஐயுறுதற்கில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே பேரவையினர். 1895இல் தனியே இணைந்தவர்களின் வழிவந்தோரோ அவ்வவைக்கு வெளியே இருந்தனர். மாண்டுபோன அடிமைகளின் பெயரால் மன்னிக்க யாருக்கு உரிமை என்பது அதனினும் கடினமான வினா. தீர்மானங்கள் இதற்கு விடை தருவதில்லை.

அவை நடவடிக்கை எதுவுமின்றி, மன்னிப்பு மற்றொரு முறை சார்ல்ஸ்டனில் ஒலித்தது. வெசியோடு தொடர்புடைய அப்பழைய ஆப்பிரிக்கச் சபையின் வழிவந்தது இமானுவேல் ஆலயம், மெதடிஸ்டு மரபினது. 2015 ஜூன் 17 இரவு அங்கு வேத ஆராய்ச்சிக்குக் கூடியிருந்தோருள் ஒன்பது பேரை, அவர்களோடு அமர்ந்திருந்த வெள்ளை இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றான். போதகர் கிளெமென்டா பிங்க்னியும் அதில் மாண்டார். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், இறந்தோரின் உறவினர் சிலர் அவனை நோக்கி மன்னித்தோம் என்றனர். அவன் அதனைக் கேட்கவே இல்லை. நாடு வியந்தது. அந்த வியப்பில், குற்றத்தைப் பேசாமல் விட்டுவிடலாம் என்ற நிம்மதியும் கலந்திருந்ததாகக் கறுப்பினச் சிந்தனையாளர் சிலர் கடிந்தனர். அக்கடிதல் நியாயமானதே.

அடுத்த ஆண்டுகளில் அரசியல் அச்சகோதரரை மீண்டும் பிரித்தது. 2016ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் வெள்ளைச் சுவிசேஷகருள் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் கூறின. கறுப்பினக் கிறித்தவர்களின் வாக்கு பெரிதும் எதிர்ப்புறம் விழுந்தது. ஒரே ஆலயத்தில் அருகருகே அமர்ந்தோர் திங்கட்கிழமை ஒருவரை ஒருவர் அறியாதவராயினர். 2017இல் ஃபீனிக்ஸ் கூட்டத்தில் வெள்ளை இனவெறியைக் கண்டிக்கும் தீர்மானத்தைக் குழு முதலில் அவைமுன் வைக்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அது வேறு வடிவில் நிறைவேறியது.

கிங் பேசிய அதே லூயிவில் கல்லூரி 2018 டிசம்பரில் தன் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதனை நிறுவிய நால்வரும் சேர்ந்து 50க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தனர் என அவ்வறிக்கை மறைக்காமல் கூறிற்று. மறு ஆண்டு, அந்நகரில் உள்ள கறுப்பினத்தார் கல்லூரியாகிய சிம்மன்ஸ் கல்லூரிக்குச் செல்வத்தில் ஒரு பங்கு தருமாறு வெள்ளையரும் கறுப்பினருமான போதகர் குழு ஒன்று வேண்டியபோது, அறங்காவலர் மறுத்துவிட்டனர்.

அந்நால்வருள் ஒருவர் ஜான் பிராடஸ். அவர் பெயர் தாங்கிய மரச்சுத்தியலைத் தட்டியே பேரவையின் தலைவர்கள் அவையைத் தொடங்குவது வழக்கமாயிருந்தது. அதற்கு ஓய்வளிக்க வேண்டும் என்று 2020 ஜூனில் அப்போதைய தலைவர் ஜே. டி. கிரீயர் எழுதினார். அவ்வாண்டு நவம்பர் இறுதியில், நிறவெறியை அமைப்புச் சார்ந்ததாக ஆராயும் ஒரு கோட்பாடு தம் விசுவாசத்திற்கு ஒவ்வாது என்று பேரவையின் ஆறு இறையியல் கல்லூரித் தலைவர்கள் அறிக்கை விடுத்தனர். அவ்வறுவரும் வெள்ளையர். டிசம்பரில் கறுப்பினப் போதகர் சிலர் தம் சபைகளோடு பேரவையை விட்டு வெளியேறினர்.