'::' எதைத் தீர்க்கிறது? சி++ பெயர்த்தேடல் குறித்து ஒரு மறுப்பு

சி++ மொழியின் '::' செயற்குறியை, உள்ளமை மாறி மறைத்துவிட்ட முழுதளாவிய மாறியை மீட்கும் கருவியாகவே பெரும்பாலான விளக்கங்கள் காண்கின்றன. இது தவறன்று; ஆனால் பயன்களுள் ஒன்றையே இயல்பாகக் கொள்கிறது. ஒரு பெயரை எந்த வரையெல்லைக்குள் தேட வேண்டும் என்று நிரலர் அறிவிப்பதே '::' என்பது என் வாதம்.

இதற்கான சான்று துறையினர் அறிந்ததுதான். அதை வாசிக்கும் முறையில்தான் வேறுபடுகிறேன். அடிப்படை இனக்குழுவில் பதின்ம எண்ணை ஏற்கும் 'கணி' என்ற செயற்கூறு இருக்கிறது. தருவிக்கப்பட்ட இனக்குழுவில் அதே பெயரில் முழு எண்ணை ஏற்கும் இன்னொன்று. பின்னதன் பொருளில் 2.5 கொடுத்து 'கணி'யை அழைத்தால், பொருத்தமான அடிப்படைச் செயற்கூறு இயங்குவதில்லை. மதிப்பு 2 ஆகக் குறுகி மற்றது இயங்குகிறது. பணிமிகுப்பு விதியின் குறை என்று இதைச் சொல்வதுண்டு. அவ்விதி பிழைக்கவே இல்லை. அதன்முன் வந்து நின்றது ஒரே செயற்கூறுதான். பெயர் கிடைத்த முதல் வரையெல்லையிலேயே தேடல் முடிகிறது. பொருத்தம் பிறகு, அணுகலுரிமை அதற்கும் பிறகு. அதனால்தான் தருவிக்கப்பட்ட 'கணி' வெளியிலிருந்து அணுக முடியாததாக இருந்தாலும், நிரல்பெயர்ப்பி மேலே சென்று தேடாமல் பிழை காட்டுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதைக் காணலாம். 2001இல் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 28.5 லட்சம், 2011இல் சுமார் 15 லட்சம். பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அரூரும் பென்னாகரமும் இரண்டு எல்லையிலும் உண்டு. ஓசூர் முதலாவதில் மட்டும். வெறுமனே 'தருமபுரி' என்று தேடுபவருக்கு ஏதோ ஓர் எண் கிடைத்துவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. '2001::தருமபுரி' என்று எழுதுபவர் எதையும் மீட்கவில்லை, எல்லையைக் குறிக்கிறார். (எண்ணில் தொடங்கும் பெயரை மொழி ஏற்காது என்பது வேறு விஷயம்.)

மீட்புக் கொள்கையால் விளக்கவே முடியாத இடமும் ஒன்று உண்டு. அடிப்படை இனக்குழுவின் சுட்டு வழியாக மெய்நிகர் செயற்கூறு ஒன்றை அழைக்கும்போது அங்கே எந்தப் பெயரும் மறைந்திருக்கவில்லை. ஆனாலும் 'அடிப்படை::' என்று முன்னொட்டினால் விளைவு மாறுகிறது. பொருளின் உண்மை வகை எதுவானாலும் அடிப்படை வடிவமே இயங்கும். 'தேடல்' என்ற சொல் மட்டும் இதற்குப் போதாது என்பதை ஏற்கிறேன். 'அறிவிப்பு' என்ற சொல் போதும் என்றே தோன்றுகிறது. வரலாறும் இப்பக்கமே சாய்கிறது. ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய 'சி வித் கிளாசஸ்' மொழியில் இனக்குழுவின் உறுப்பையும் பொருளின் உறுப்பையும் ஒரே புள்ளிதான் குறித்தது. பின்னர் பொருளுக்குப் புள்ளியை விட்டுவிட்டு இனக்குழுவுக்கு '::' வந்தது. இங்கே பிரிக்கப்பட்டவை இரண்டு வகை உறவுகள். மறைவு பேச்சிலேயே இல்லை.

செயற்கூறின் அளபுருக்கள் சார்ந்த பெயர்வெளிகளிலும் தேடல் நடக்கிறதே என்று கேட்கலாம். முன்னொட்டில்லாத அழைப்புகளில் மட்டுமே அது நடக்கும். '::' எழுதியதும் அந்த வழி அடைபடுகிறது. இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் கற்பிக்கும் பைத்தானில் '::' இல்லாமலே வரையெல்லை விதி இயங்குகிறது என்ற தடை பெரிதன்று. அங்கும் தேடல் முதலில் கிடைத்ததோடு நிற்கிறது. வேறிடம் காட்டப் புள்ளி இருக்கிறது.