சாகர் கன்யாவுக்குப் பிறகு: பொழியூர்க் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

1983இல் ஜெர்மனியில் கட்டப்பட்ட கடலாய்வுக் கப்பல் சாகர் கன்யா நாற்பது வயதைக் கடந்துவிட்டது. அதன் இடத்துக்கு வரும் கப்பலைக் கட்டித்தர, 2024 ஜூலையில் கோவாவின் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்துடன் கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனம் ஒப்பந்தமிட்டது. மதிப்பு ஏறத்தாழ 840 கோடி ரூபாய். மாற்றம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. புதிய கப்பலின் திறனை எதைக்கொண்டு அளப்பது என்பதே கேள்வி.

நீளம் அளவுகோலாகாது. பழையது 100 மீட்டர். புதியது 90 மீட்டரைக்கூட எட்டாது. இதே கார்டன் ரீச்சில் ஒரு ஹாப்பர் பார்ஜை உருமாற்றித்தான் 1976இல் கவேஷணி என்ற ஆய்வுக் கப்பல் கடலில் இறங்கியது. மண் சுமக்கும் படகுதானே என்று எவரும் எள்ளியிருக்கலாம்; 1981 ஜனவரி 26 அன்று இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து பல்லுலோக முடிச்சுகளை நம் நாட்டுக்காக முதன்முதலில் எடுத்து வந்தது அதுதான்.

மிதவைகளும் செயற்கைக்கோள்களும் இருக்க, இத்தனை கோடி எதற்கு என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. ஆர்கோ மிதவைகளில் பெரும்பாலானவை 2,000 மீட்டரோடு நின்றுவிடும். அதற்குக் கீழுள்ள நீரை அள்ள, வின்ச் கம்பியில் குப்பிவளையத்தை இறக்கி, ஒவ்வோர் ஆழத்திலும் ஒவ்வொரு குப்பியாக மூட வேண்டும். ஒரே நிலையத்துக்குச் சில மணி நேரமாகும். அதுவரை காற்றும் நீரோட்டமும் தள்ளினாலும் கப்பல் இடம் பெயரக் கூடாது. புதுக் கப்பலின் உண்மையான ஆதாயம் இங்கேதான்.

இனி, கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய பொழியூருக்கு வருவோம். இக்கரைக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று கள்ளக்கடல். 2024 மார்ச் 31 அன்று உள்ளூரில் புயல் எதுவுமின்றியே தென்கேரளக் கரைகளில் கடல் ஏறியது. அந்த அலைகள் புறப்பட்டது வெகுதொலைவில், தெற்கே. அவற்றை முன்னறிய அலைமானி மிதவைகள் வேண்டும். மிதவைகளை நடவும், பாசி சுரண்டவும், அறுந்தால் மீட்கவும் கப்பல் வேண்டும்.

மற்றது கரையரிப்பு. எல்லைக்கு அப்பால் தமிழகத்தின் நீரோடிப் பக்கம் போட்ட கற்கட்டுதான் காரணம் என்பது பொழியூர்க்காரர்களின் குற்றச்சாட்டு. அந்தப் பக்கத்தில் அதன் பெயர் தூண்டில் வளைவு. இந்தப் பக்கத்தில் புலிமுட்டு. வழக்கைத் தீர்க்க, இரு மாநிலக் கரையோரமும் மணல் பருவந்தோறும் எப்படி நகர்கிறது என்ற அளவு தேவை. அந்த நகர்வு நடப்பது அலை உடையும் இடத்தில், பத்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில். பெருங்கப்பல் அங்கே எட்டிப்பார்க்கவும் முடியாது. சாகர் பூர்வி, சாகர் பச்சிமிக்குப் பதிலாக வந்த சாகர் தாரா, சாகர் அன்வேஷிகா போன்ற கரையோரக் கப்பல்கள் ஓரளவு நெருங்கும். மிச்சத்தை வள்ளத்தில் கட்டிய எதிரொலிமானிதான் அளக்க வேண்டும்.

ஆகவே புதிய கப்பலுக்கு ஒதுக்கும் ஆண்டுச் செலவில் கடல்நாட்களுக்கான டீசலும் ஊழியர் சம்பளமும் தனித்தலைப்பில் வர வேண்டும். கரையோரக் கப்பல்களின் பங்கை அது விழுங்கக் கூடாது. எல்லைக்கு இருபுறமும் ஒரே முறையில் எடுத்த ஆழ அளவுகள் இரு மாநிலத் துறைமுகப் பொறியாளர்களின் மேசைக்கும் போய்ச் சேர வேண்டும்.